கண்ணாடி பனிக்காத வருடம்

ஏப்ரல் 6

இன்று அம்மாவிடம் நான் சொல்லாதது: டாக்டர் என்னை மட்டும் தாழ்வாரத்துக்கு அழைத்து, இனி மருந்து ஏற்றிப் பயனில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மழைக்காலம் வரை தாங்குவது கஷ்டம் என்று சொன்னது.

சொன்னது: "அடுத்த டோஸ ஒரு மாசம் தள்ளி வச்சிருக்காரும்மா. உடம்பு தேறணுமாம்."

ஆட்டோ துறைமுகச் சாலையில் லாரிகளுக்குப் பின்னால் நின்றிருந்தது. அம்மா தலையில் கட்டியிருந்த துண்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"நல்லதாப் போச்சு. இந்த மாசம் மதரப் போய்ப் பாத்துரலாம்." சற்றுக் கழித்து, "நான் எங்க முங்க. நீ பாரு" என்றாள்.

மதர் என்பது ஒரு பவளம். தூத்துக்குடிக் கரையிலிருந்து படகில் ஒரு மணி நேரத் தொலைவில், மூணுகல் பார் என்ற ஆழமில்லாத பாறைத் திட்டில் இருக்கிறது. நின்றால் என் உயரம் வரும்; உருண்டையாக, பழுப்பாக, எதற்கும் அசையாத முகத்தோடு இருக்கும். பெண்கள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த டெல்பின் டீச்சர், அதாவது என் அம்மா, அதைக் கண்டுபிடித்த வருடம் கல்லூரிக்குத் தலைவியாக இருந்த கன்னியாஸ்திரீயின் சாயல் அதில் இருப்பதாகச் சொல்லி அந்தப் பெயரை வைத்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒரே இடத்தில் நின்று, ஒரே லென்சில், கறுப்பு வெள்ளையில் அதைப் படம் எடுத்திருக்கிறாள். படங்கள் கூடத்துச் சுவரில் வரிசையாகத் தொங்குகின்றன. ஒரு வருடத்துக்கு மட்டும் வெறும் ஆணி இருக்கிறது. அது நான் பிறந்த வருடம்.

ஏப்ரல் 7

கேமராவைத் தண்ணீருக்குள் கொண்டுபோகும் கூட்டை அலமாரியின் அடித்தட்டிலிருந்து வெளியே எடுத்தேன். வார்த்த அலுமினியம். அம்மாவிடம் வரும் முன்பே பழையது. ஆராய்ச்சிக்கு வந்த ஒரு ஜெர்மன்காரர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போனது. கரையில் ஒரு கையால் தூக்க முடியாது. தண்ணீருக்குள் எடையே இல்லை. இரண்டு பாதிகள், நான்கு கொக்கிகள், நடுவில் தண்ணீரைத் தடுக்கும் கறுப்பு ரப்பர் வளையம். அந்த ஓ-ரிங்தான் எல்லாம். ஒரு மணல், ஓர் உப்புத் துகள், ஒரு முடி அதில் படிந்தால் போதும், கடல் உள்ளே வந்துவிடும்.

வருடம் முழுவதும் கொக்கிகளைத் தளர்த்தியே வைத்திருப்போம். இறுக்கி வைத்தால் வளையம் நசுங்கி, அந்த வடிவத்திலேயே தங்கிவிடும்.

கட்டிலில் படுத்தபடியே அம்மா மேற்பார்வை பார்த்தாள்.

"ஏட்டி, ஃபேன நிறுத்து."

"வேர்க்குமே உனக்கு."

"வேர்க்கட்டும். முடியக் கட்டுனியா?"

"கட்டியாச்சு."

"துணி போட்டுக் கட்டு. முந்தி ரெண்டு பேரு முடிக்குப் பயந்துக்கிட்டு கெடந்தோம். இப்ப ஒருத்தி முடிக்குப் பயந்தாப் போதும்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு குனிந்து, வளையம் உட்காரும் பள்ளத்தைப் பஞ்சால் துடைத்துக்கொண்டே இருந்தேன். சுத்தமான பிறகும் துடைத்தேன். சிலிக்கான் கிரீஸை விரல் நுனியில் தொட்டு வளையத்தை உருவினேன். பளபளப்பு தெரிந்தால் போதும். வழவழப்பு தெரிந்தால் அதிகம்.

நான் திருத்தித் தர வேண்டும் என்று சென்னையிலிருந்து பதிப்பகம் அனுப்பிய மெய்ப்பு மூன்று நாளாகப் பிரிக்காமல் கிடக்கிறது.

ஏப்ரல் 8

கேமரா இல்லாமல், உள்ளே மெல்லிய தாளை மடித்து வைத்து, கூட்டைச் சிமெண்டுத் தொட்டியில் அமிழ்த்தினேன். குமிழ் வரவில்லை. தாள் நனையவில்லை. அம்மா அந்தத் தாளைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

ஏப்ரல் 11

விடியும்போது கஸ்பார் அண்ணனின் வள்ளத்தில் கிளம்பினோம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மாவை மூணுகல் பாருக்குக் கூட்டிப்போகிறவர் அவர்தான். படகில் எப்போதும்போல மூடி போட்ட வாளியில் நல்ல தண்ணீர். மேலே வந்ததும் கூட்டை அதில் முக்கித் திருகுகளைத் திருக வேண்டும், உப்பு உறையாமல்.

காற்றே இல்லை. கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. நான் இறங்கியபோது உடம்பு சிலிர்க்கவில்லை. வெயிலில் கிடந்த வாளியில் காலை வைத்தது போலத்தான் இருந்தது.

அடித்தளத்தில் அம்மா பல வருடங்களுக்கு முன் நட்ட இரும்புக் கம்பி இருக்கிறது. கூட்டை அதன் மேல் வைத்தால் மதர் ஒவ்வொரு வருடமும் ஒரே இடத்தில் விழும். ஆழம் அதிகமில்லை, மூச்சடக்கிப் போகலாம். மூச்சை இழுத்துக்கொண்டு கீழே போனேன். கம்பியைக் கண்டுபிடித்தேன். கூட்டை வைத்தேன். பார்த்தேன்.

வெள்ளை. உச்சி முதல் அடி வரை, சலவைக்குப் போய் வந்தது போல. சுற்றியிருந்த சின்னப் பவளங்களும் அப்படித்தான். சிலவற்றின் ஓரத்தில் ஏற்கெனவே பச்சையாகப் பாசி பிடித்திருந்தது. வெளுத்தது இன்னும் செத்துவிடவில்லை, தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கலாம் என்று படித்திருக்கிறேன். பாசி படர்ந்ததைப் பற்றியும் படித்திருக்கிறேன்.

மூச்சு தீர்ந்து மேலே வந்தேன். மறுபடி போனேன். திருகில் விரலை வைத்துக்கொண்டு பார்த்தேன். படம் எடுக்கவில்லை.

கஸ்பார் அண்ணனும் ஒரு முங்கு முங்கிவிட்டு வந்து, வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்.

"சுண்ணாம்பு அடிச்ச மாதிரி கெடக்கே, ஜோவிம்மா. சங்குக்குப் போற பயலுவ சொன்னானுவ. நான்தான் நம்பல."

"அம்மாட்ட சொல்ல வேண்டாம்ணே."

"நான் என்னத்தச் சொல்ல? கேட்டாங்கன்னா?"

"தண்ணி கலங்கல்னு சொல்லுங்க."

அவர் கீழே பார்த்தார். வள்ளத்தின் நிழல் அடிமணலில் கூர்மையாக விழுந்திருந்தது. ஏறி இஞ்சினைக் கிளப்பினார்.

வீட்டில் அம்மா தலையணையை அடுக்கி உட்கார்ந்திருந்தாள். கலங்கல், ஒன்றும் தெரியவில்லை, எடுக்காமல் வந்துவிட்டோம் என்றேன். சரி என்றாள். பிறகு கேட்டாள்.

"கண்ணாடி பனிச்சுதா?"

கூட்டின் முன்பக்கக் கண்ணாடியில் உள்ளே ஆவி படிந்ததா என்றுதான் கேட்டாள். நான் பராமரித்த லட்சணத்தைச் சோதிக்கிறாள் என்று நினைத்தேன். உள்ளே ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை வெயிலில் காய வைத்துப் போட்டிருந்தேன். பிலிமை நிழலில் ஏற்றியிருந்தேன்.

"கொஞ்சம்கூடப் பனிக்கல" என்றேன். உண்மையாகச் சொல்ல ஒன்றாவது கிடைத்ததே என்று இருந்தது.

அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வலி போல.

ஏப்ரல் 12

கஞ்சி இரண்டு கரண்டி. கூட்டைக் கழுவிக் காய வைத்தேன். கொக்கிகளைத் தளர்த்தினேன்.

ஏப்ரல் 14

கஸ்பார் அண்ணன் விளமீன் கொண்டுவந்தார். அம்மாவால் சாப்பிட முடியாது. "கொழம்பு வையி. மணமாவது வரட்டும்" என்றாள். அவரைக் கட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"தண்ணி கலங்கலாமே கஸ்பார்?"

"ஆமா டீச்சர். கைய நீட்டுனா கை தெரியல."

"காத்து?"

"காத்தே இல்ல டீச்சர். இல தூங்குது."

"காத்தே இல்லாம எப்படிய்யா கலங்கும்?"

அவர் பையிலிருந்த மீனைப் பார்த்தார். "அடிநீவாடு, டீச்சர். அடியில இழுக்குதுல்லா."

"அப்படியா."

"ஆமா. இந்த வருசம் அடிநீவாடு கொஞ்சம் ஜாஸ்தி."

"நான் போயி நீவாடுகிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்போலயே" என்றாள் அம்மா. அவர் சிரிக்கவா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார். அம்மாவும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மீனை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். அங்கிருந்து கேட்டது:

"மூணு நாள் கழிச்சு மறுபடியும் கூட்டிட்டுப் போ. அதுக்குள்ள தெளியும்."

"தெளியும் டீச்சர்."

அவர் போன பிறகு, "வரிசைல ஒரு ஓட்ட இருக்கு, அது நீ. அதுல எனக்கு வருத்தம் இல்ல. இன்னொரு ஓட்ட விழக் கூடாது" என்றாள்.

ஏப்ரல் 15

வலி மாத்திரையின் அளவைக் கூட்டச் சொல்லிவிட்டார்கள். மாத்திரை போட்டால் தூங்குகிறாள். தூங்காத நேரத்தில் சுவரைப் பார்க்கிறாள். படங்களை மதிய வெயில் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகிறது. முதல் படத்துக்கும் போன வருடத்துப் படத்துக்கும் இடையில் மதர் ஒரு சாண் வளர்ந்திருப்பதாக அம்மா சொல்வாள். எனக்கு அது தெரிந்ததே இல்லை. இன்று ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். வளர்ந்திருக்கிறது.

மெய்ப்பைப் பிரித்தேன். ஒரே பக்கத்தை நான்கு முறை படித்துவிட்டு மூடினேன்.

ஏப்ரல் 17, காலை

அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஃபேன் வேண்டும், நிறுத்தவில்லை. தலைக்குக் குளித்திருந்தேன். காயட்டும் என்று முடியை விரித்துவிட்டிருந்தேன். கேமராவை உள்ளே வைத்து, கூட்டை மூடினேன். நேரமாகிவிட்டது, கஸ்பார் அண்ணன் தெருவில் நிற்கிறார்.

ஏப்ரல் 17, மாலை

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

தண்ணீர் அன்று போலவே தெளிவாக இருந்தது. இறங்கினேன். கூட்டைக் கம்பியில் வைத்தேன். படம் எடுக்கும் எண்ணம் இருந்ததா என்று தெரியவில்லை. கம்பியின் மேல் அது பொருந்தி உட்கார்ந்ததும் விரல் தானாக அழுத்தியது. திருகினேன், அழுத்தினேன். மேலே போய் மூச்சு வாங்கிவிட்டு வந்து மறுபடி அழுத்தினேன். மூன்றாவது முறை இறங்கியபோது கூட்டின் பின்பக்கக் கண்ணாடியில் ஒரு கோடு தெரிந்தது. தண்ணீர். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு மெல்ல ஏறியது. கேமராவின் பாதி வரை வந்தது. அப்போதும் ஒரு தடவை அழுத்தினேன்.

மேலே வந்ததும் கஸ்பார் அண்ணன் கூட்டை வாங்கிச் சாய்த்துப் பார்த்தார். உள்ளே தண்ணீர் அலைந்தது.

"ஐயையோ. ஏறிட்டு."

வாளியின் மூடியைத் திறந்து, எப்போதும்போல அப்படியே உள்ளே முக்கினார். நான் தடுக்கவில்லை. அப்படியே வெயிலில் வைத்தால் போதும், பிலிம் வீணாகிவிடும் என்று நினைத்தேன். சொல்லவில்லை. வழி முழுக்க அவர் வாளியைத் தன் இரண்டு கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு ஓட்டினார்.

வீட்டில், "அம்மா, தண்ணி ஏறிட்டும்மா. பிலிம் போச்சு" என்றேன்.

"காஞ்சிட்டா?"

"இல்ல. வாளில கெடக்கு."

"அப்ப போகல." கையை ஊன்றி எழுந்தாள். இத்தனை நாளில் என் கையைப் பிடிக்காமல் எழுந்தது இன்றுதான். "ஈரமா இருக்கப்பவே கழுவிரணும். காஞ்சாத்தான் சுருள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பிடுங்கிரும். ஐஸ் இருக்கா?"

குளியலறைதான் எங்கள் இருட்டறை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தேன். கறுப்புப் பைக்குள் கையை விட்டு, நனைந்த சுருளைத் தடவித் தடவி, பிலிம் கழுவும் சின்ன டேங்கில் ஏற்றினேன். வழுக்கிக்கொண்டே இருந்தது. குழாய்த் தண்ணீர் கொதித்தது. டெவலப்பர் பாட்டிலை ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் வைத்துக் குளிரவிட்டேன்.

அம்மா கடிகாரம் வைத்துக்கொள்வதில்லை. இருட்டில் தெரியாது என்பதால் அந்தக் காலத்திலேயே பழகியது: ஒரு மங்கள வார்த்தை செபத்துக்கு ஒரு முறை டேங்கைக் கவிழ்க்க வேண்டும். அவள் செபம் சொல்ல, நான் கவிழ்த்தேன். நடுவில் அவளுக்கு மூச்சு வாங்கியது. கோவிலுக்குப் போவதை விட்டு எத்தனையோ வருடமாகிவிட்ட நான் மீதியைச் சொன்னேன். அதன் கடைசி வரி மரண நேரத்தைப் பற்றியது. ஒவ்வொரு முறையும் அந்த வரி என்னிடம்தான் வந்து சேர்ந்தது.

ஃபிக்ஸர் ஊற்றி, கழுவி, சுருளைப் பிரித்தேன். கடைசிப் படங்கள் எல்லாம் வெடிப்பும் கறையுமாகக் கிடந்தன. முதல் இரண்டு தப்பியிருந்தன. அம்மா கையை நீட்டினாள். ஈரம் சொட்டச் சொட்ட வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நெகட்டிவில் வெள்ளை கறுப்பாக விழும். மதர் இருந்த இடத்தில் தார் ஊற்றியது போல ஒரு வட்டம்.

வெகு நேரம் பார்த்தாள்.

"மதர் வெள்ள உடுத்தியாச்சு" என்றாள்.

தரையில் சொட்டிய தண்ணீரைத் துணியால் துடைத்தேன்.

"ஓ-ரிங்கக் கொண்டா."

கொண்டுவந்து கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு வளையத்தை விரல்களுக்கு இடையில் உருவினாள். ஓரிடத்தில் நிறுத்தினாள். நகத்தால் மெதுவாக எடுத்தாள். வளையத்தைக் குறுக்கே கடந்து ஒட்டியிருந்த நீளமான முடி.

இந்த வீட்டில் நீள முடி ஒருத்திக்குத்தான் இருக்கிறது.

"ஒண்ணுதானா?" என்றாள்.

முடியை வாங்கக் கையை நீட்டினேன். அவள் தரவில்லை.

"ரெண்டு மூணு போட்டிருந்தியானா இறங்குனதுமே ரொம்பியிருக்கும். எந்தக் காரியத்தையும் அரகொறயாத்தான் செய்யுத."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அழாமல் இருந்திருப்பேன்.

"உனக்கு எப்பம்மா தெரியும்?"

"கண்ணாடி பனிக்கலன்னு சொன்னியே, அன்னைக்கே. எத்தன பொட்டலம் போட்டாலும், இத்தன வருசத்துல ஒரு தடவயாவது பனிக்காம இருந்துருக்கா? கூட்டுக்குள்ள இருக்கது கரையோட சூட்டுக் காத்து, ஈரக் காத்து. கடல் அதவிடக் குளுந்தது. இறங்குனதும் பனிக்கும், கொஞ்ச நேரம் காத்துக்கெடக்கணும். பனிக்கலன்னா தண்ணியும் அந்தச் சூடுன்னு அர்த்தம். அந்தச் சூட்டுல மதர் எப்படி இருப்பா?" முடியை விரலில் மோதிரம் போலச் சுற்றிக்கொண்டாள். "அதுக்கு மேல அந்த கஸ்பாரும் அவன் அடிநீவாடும்."

"அப்ப ஏன் மறுபடியும் அனுப்புன?"

"படம் வேணும்லா. நல்லா இருந்த வருசத்த எல்லாம் எடுத்துட்டு, நோவு கண்ட வருசத்த மட்டும் எடுக்காம விட்டா அதுக்குப் பேரு என்ன? பிறந்தநாள் ஆல்பமா?"

"நீ பாக்க வேண்டாம்னு நெனச்சேன்."

"தெரியும்." விரலில் சுற்றிய முடியைப் பிரித்தாள். "நீயே சொல்லுவன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். டாக்டர் சொன்னதையும்தான்."

குழாயை மூடாமல் விட்டிருந்தேன். மூடினேன்.

"அவரு என்னைக்கும் சீட்ட விட்டு எந்திரிக்க மாட்டாரு. அன்னைக்கு எந்திரிச்சு ஆட்டோ வரைக்கும் வந்தாரு. எந்த டாக்டருட்டி ஆட்டோ வரைக்கும் வருவான்?"

நான் குளியலறைத் தரையில் உட்கார்ந்து, டாக்டர் தாழ்வாரத்தில் சொன்னதை அவருடைய வார்த்தைகளிலேயே சொன்னேன். எதையும் குறைக்கவில்லை. மழைக்காலம் என்றபோது மட்டும் அம்மா தலையசைத்தாள், மாணவியின் விடை சரியாக இருக்கும்போது அசைப்பது போல.

"நெகட்டிவத் தொங்கவிடு. க்ளிப் போடு, சுருண்டுக்கும்" என்றாள்.

ஏப்ரல் 18

பிரிண்ட் போட்டேன். ஓரத்தில் ஒரு கறை. பரவாயில்லை, கறையும் இருக்கட்டும் என்றாள். வரிசையின் கடைசியில் ஆணி அடித்து மாட்டினேன். சுவரில் அந்த ஒரு படம் மட்டும் ஜன்னல் மாதிரி இருக்கிறது.

கேமரா பிழைக்கவில்லை. ஷட்டர் திறந்த நிலையில் இறுகிவிட்டது. கூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஏப்ரல் 20

கஸ்பார் அண்ணன் வந்தார். சுவரைப் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார்.

"உக்காரு கஸ்பார். இன்னைக்கு நீவாடு எப்படி?"

"நீங்க ஒண்ணு, டீச்சர்" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நெடுநேரம் துடைத்தார்.

ஏப்ரல் 29

அம்மா பேசப் பேச நான் எழுதி வைக்கிறேன்: அடக்கத்தன்று எந்தப் பாட்டைப் பாட வேண்டும், எந்தப் பாட்டைப் பாடவே கூடாது, எந்தச் சேலை. நான் ஒன்றையும் மறுக்கவில்லை. "அப்படிலாம் பேசாதம்மா" என்று சொல்லத் தேவையில்லாத மகளாக இருப்பது எவ்வளவு நிம்மதி என்று இப்போதுதான் தெரிகிறது. நிம்மதி என்பது சரியான சொல் இல்லை. வேறு சொல் கிடைக்கவில்லை.

அதே மாதிரி கேமரா பழையது ஒன்று சென்னையில் கிடைக்கும், அந்தக் கூட்டில் அது மட்டும்தான் பொருந்தும் என்றாள். வாங்கு என்று சொல்லவில்லை.

மே 8

வலி. எழுத ஒன்றும் இல்லை.

மே 16

இன்று தெளிவாக இருந்தாள். என்னைக் கட்டிலில் பக்கத்தில் உட்காரச் சொல்லி, என் பின்னலைப் பிரித்து, மறுபடி பின்னிவிட முயன்றாள். விரல் நிற்கவில்லை. பாதியில் விட்டுவிட்டாள். பாதிப் பின்னலோடு இருந்தேன்.

"கொக்கிய எல்லாம் தளத்திட்டியா?" என்று கேட்டாள்.

"தளத்திட்டேன்."

"சரி."

மே 27

அம்மா இன்று காலை ஆறு மணிக்கு முன்பு இறந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். செபத்தை முழுவதும் நானே சொன்னேன்.

ஏப்ரல் 12, அடுத்த வருடம்

கஸ்பார் அண்ணனோடு மூணுகல் பாருக்குப் போனேன். கூட்டுக்குள் சென்னையில் வாங்கிய பழைய கேமரா. முடியைத் துணி போட்டுக் கட்டியிருந்தேன். தண்ணீர் குளிராக இருந்தது. இறங்கியதும் கண்ணாடி பனித்தது. பனி விலகும் வரை மேலே மிதந்துகொண்டு காத்திருந்தேன். பிறகு கீழே போய்க் கூட்டைக் கம்பியில் வைத்தேன். மதர் முழுவதும் பாசி. உயிருள்ள இடம் எங்கும் இல்லை. படம் எடுத்தேன்.